வெயிலில் வளைந்த மெழுகுவர்த்தி

கேள்வி: வெயிலில் வளைந்துபோன மெழுகுவர்த்தியை உள்ளங்கையில் உருட்டி நிமிர்த்தி விற்கும் ஒரு கடைக்காரம்மாவைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்? ஒரே சமயத்தில் நாலு இடத்துக்கு அனுப்பினால் தப்பா?
– ஒரு வாசகி, வேளாங்கண்ணி

பதில்: ஆகஸ்ட் 29 மாதா கோயில் கொடியேற்றத்துக்கு உங்கள் ஊருக்கு நடந்தே வருகிறவர்கள், எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். கதையும் அப்படிக் கிளம்பட்டும். காலச்சுவடு, உயிர்மை, கணையாழி என்று கிடைப்பதில் மூன்று இதழையாவது முழுக்கப் படியுங்கள். உங்கள் கதைக்குச் சொந்தக்கார வீடு எது என்று புரிந்துவிடும். உங்கள் கடலுக்கு அக்கரையில், திருகோணமலையில் இருந்த கவிஞர் பிரமிள், இருபது வயதை ஒட்டித் தம் கவிதைகளை அனுப்பியது சி.சு. செல்லப்பா 1959-இல் சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழுக்கு. விற்பனை சொற்பம்தான். ஆனால் புதுக்கவிதை வேர்பிடித்த மண் அது. எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைவிட, யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள்.

நாலு இடம் வேண்டாம், சகோதரி. ஒரு பெண்ணுக்கு நாலு வீட்டிலா தாம்பூலம் மாற்றுவார்கள்? மூன்று மாதம் பொறுத்து, பதில் இல்லையென்றால் ஒரு வரி தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். பிரதி கையில் இருக்கட்டும். அந்த வளைந்த மெழுகுவர்த்தியை மட்டும் எந்த ஆசிரியர் கேட்டாலும் வெட்டக் கொடுக்காதீர்கள்.