கொசு நுழையாத கட்டடம்

2004-இல் பிறந்த காக்கநாடு இன்ஃபோபார்க் போன்ற வளாகங்களில், கழுத்தில் அட்டை தொங்காமல் கொசுகூட உள்ளே போக முடியாது. போனவர் செய்யும் முதல் காரியம், சர்வரின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதிவைப்பது. ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓட வேண்டுமே, யார் எழுந்து தட்டுவது?

தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லேசில் மசியாது. பாஸ்வேர்டை பைப் வழியாக அனுப்பினால் வாங்காது, டெர்மினலில்தான் கேட்கும். உடனே நம்மவர் எஸ்எஸ்எச்பாஸ் என்ற கருவியை இறக்குவார். டெர்மினல் முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் அது வேஷம் கட்டும். கட்டளையிலேயே பாஸ்வேர்டை எழுதினால் ஷெல்லின் ஹிஸ்டரியிலும் ஏறிக்கொள்ளும். அப்புறம் ஸ்கிரிப்ட், குழுவே பார்க்கும் கிட் களஞ்சியத்துக்குப் போகும். நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் பாஸ்வேர்டு மனப்பாடம்.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான் தாத்து யுலோனென் எஸ்எஸ்எச்சையே எழுதினார். பாவம், மனுஷன்! ஒட்டுக்கேட்கும் சிரமத்தைக்கூட நாம் திருடனுக்கு வைப்பதில்லை.

இதற்கு மருந்து, எஸ்எஸ்எச்-கீஜென், எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்று இரண்டே கட்டளைகள். பாஸ்வேர்டுக்குப் பதில் நுழையவிடும் சாவி தயார், ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டே வேண்டாம். ஆனால் பழைய பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் அழித்தாலும் கிட்டின் பழைய பதிவுகளில் அது அப்படியே கிடக்கும். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், சாரே.