அத்தான் – நாற்காலி

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மச்சினன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் ஓர் எக்ஸெல் தாளைப் போட்டான். பெயர் ‘கோகோகே பிளான் ஃபைனல் நியூ’. இதற்கு முந்தையது ‘ஃபைனல்’. அதற்கும் முந்தையது ‘ஃபைனல் ஓகே’. மயாமியில் கப்பல் ஏறப்போவது பொங்கல் கழித்து. இன்னும் ஆவணியே பிறக்கவில்லை.

கப்பல் காலையில் கோகோகே தீவுக்கு வரும், சாயங்காலம் எல்லோரையும் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். அந்த ஒரே பகலைக் கால்மணி கால்மணியாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் அடித்திருக்கிறான். என் பெயர் இளஞ்சிவப்பில்: ‘7.00 – அத்தான் – நாற்காலி’.

தீவின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பஹாமாஸின் பெர்ரி தீவுகளில் லிட்டில் ஸ்டிரப் கே என்ற பெயரில் கிடந்ததை ராயல் கரீபியன் 25 கோடி டாலர் கொட்டிப் புதுப்பித்து 2019-இல் திறந்தது. 135 அடி உயரச் சறுக்குக்கும், 450 அடி வரை ஏறும் ஹீலியம் பலூனுக்கும் தனிக் காசு. நாற்காலி, குடை, சாப்பாடெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். வினையே அங்கேதான்.

தீவில் கப்பல் அணையும் பாலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் நிற்கலாம். ஐகான் ஆஃப் த சீஸ் ஒன்றே நிரம்பினால் 7,600 பேர். அத்தனை பேருக்கும் வேண்டியது ஒரே நாற்காலி: கடலுக்குக் கிட்ட, கழிவறைக்கு எட்ட, தென்னை நிழலில். அதனால் விடியும்போதே துண்டு விழுந்துவிடுகிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்தவன்கூடப் பின்னாலேயே ஏறி வந்து உட்கார்ந்தான்! இங்கே துண்டு வெயில் காய்கிறது, ஆள் சறுக்கு வரிசையில் நிற்கிறார். கப்பல் கொடுக்கும் துண்டெல்லாம் ஒரே நிறம் என்பதால் அடையாளத்துக்குப் பிளாஸ்டிக் கிளிப் வேறு: கிளி, ஃபிளமிங்கோ, அன்னாசி. வெறும் துண்டு என்றால் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். கிளிப் போட்ட துண்டு என்றால் யோசிக்க வேண்டும். பாதியில் கவிழ்த்து வைத்த நாவல் இருந்தால் நகர்ந்துவிடுவது நல்லது. செருப்பு ஜோடியாகக் கிடந்தால் ஆள் தண்ணீரில் இருக்கிறார், எப்போதாவது வருவார். ஒற்றைச் செருப்பு என்றால் அது பட்டா நிலம், வரவே மாட்டார். போன தடவை ஓர் அம்மாள் ஏழு நாற்காலிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, “ஹஸ்பண்ட் வருகிறார்” என்றார். ஏழு நாற்காலிக்கு எத்தனை ஹஸ்பண்ட் என்று கேட்க வாய் வரை வந்தது; மனைவி முழங்கையால் இடித்தாள். கம்பெனிகளையே எடுத்துக்கொள்ளுங்களேன், 1977-லேயே பக்கத்துத் தீவான கிரேட் ஸ்டிரப் கேவுக்குத் துண்டு போட்டுவிட்டது நார்வீஜியன் குரூஸ் லைன். ஜனங்கள் எம்மாத்திரம்?

நானும் போட்டுத் தொலைப்பேன். ஆனால் மச்சினன் சாட்டிலைட் படத்தில் தென்னைகளை எண்ணி, மத்தியானத்துக்கு மேல் நிழல் கிழக்கே சாயும் என்று கண்டுபிடித்திருக்கிறான். ஆகவே, காலை நாற்காலி தனி, மாலை நாற்காலி தனி. ஒன்பது பேருக்குப் பதினெட்டு. துண்டை எடுக்கும்போது அறைக் கார்டைக் காட்டிக் கணக்கில் ஏற்ற வேண்டும், திருப்பித் தராவிட்டால் காசு. யார் கார்டு? அதற்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது, இளஞ்சிவப்பில்.

“உங்களுக்குத்தான் அஞ்சு மணிக்கு மேல தூக்கம் வராதே” என்கிறாள் மனைவி.

இன்று காலை மாமியார் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். மணல் காலில் ஒட்டினாலே அவருக்கு ஆகாதாம், கப்பலை விட்டு இறங்கவே மாட்டாராம். அப்பாடா, இரண்டு குறைந்தது என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே மச்சினன் பதில் போட்டான்: “பரவாயில்லம்மா, அந்த ரெண்டுலயும் பை வெச்சுக்கலாம். அத்தான், நோட் பண்ணிக்கோங்க.”