சிங்கப்பூர் காற்றும் லண்டன் பனியும்

கே: லண்டனில் பனி கொட்டுமா என்று பார்க்கச் சிங்கப்பூரில் பலூன் விடுகிறார்களாமே?

ப: பலூன் விடுவது தினசரி வானிலைக்குத்தான். ஆனால் அது முப்பது கிலோமீட்டர் வரை ஏறி வெடிப்பதற்குள் அனுப்பும் காற்றுக் கணக்கை உலகமே குறித்துக்கொள்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், ஓராண்டுக்குமேல், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் அடிக்கும். பிறகு அந்த இடத்தைக் கோடை பிடித்துக்கொள்ளும். (வெயில் அல்ல, மேற்கிலிருந்து வரும் காற்று!) ஒரு சுற்றுக்குச் சுமார் 28 மாதம்.

கே: இது எப்போது தெரிந்தது?

ப: 1883-இல் கிராகட்டோவா எரிமலைத் தூசி இரண்டே வாரத்தில் உலகை மேற்குமுகமாகச் சுற்றியது. 'மேலே எப்போதும் கொண்டல்தான்' என்று முடிவுகட்டினார்கள். 1908-இல் ஆப்பிரிக்காவில் பலூன் விட்ட பெர்சன், 'இல்லை, கோடை' என்றார். மாமியார் சொன்னதும் சரி, மருமகள் சொன்னதும் சரி என்பது 1960 வாக்கில்தான் புரிந்தது. அமெரிக்காவில் ரீட், பிரிட்டனில் எப்டன், இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

கே: அங்கே காற்று மாறினால் வடதுருவத்துக்கு என்ன?

ப: எங்கள் தெருவில் ஒருவர் வாசலை மேடாக்கினார். அடுத்த மழைக்குத் தண்ணீர் எதிர்வீட்டுக் கூடத்தில். அதே கதைதான். குளிர்காலத்தில் இமயமலை, ராக்கி மலை போன்றவற்றில் மோதும் காற்று பெரிய அலைகளாக மேலெழும்புகிறது. நிலநடுக்கோட்டில் கோடை அடித்தால் அலைகள் அந்தப் பக்கம் போய் ஓய்ந்துவிடும். கொண்டல் அடித்தாலோ வழி அடைப்பு. அதற்குள் இந்த அலைகள் நுழையவே முடியாது. திரும்பி, துருவத்து இருட்டில் குளிரைச் சுற்றி வேலிபோலச் சுழலும் காற்றின்மீது மோதுகின்றன. வேலி தளர்கிறது. சில நாளிலேயே அங்கே மேலே 40, 50 டிகிரி வெப்பம் ஏறுவதும் உண்டு. அடைபட்ட குளிர் தெற்கே வழிகிறது. இந்தத் தொடர்பை 1980-இல் எழுதிக் காட்டியவர்கள் ஹோல்டனும் டானும். 2018 பிப்ரவரியில் இந்த வேலிச் சுழல் இரண்டாகப் பிளந்து, மாதக் கடைசியில் பிரிட்டன் பனியில் முடங்கியபோதும் மேலே கொண்டல்தான்.

கே: அப்படியானால் கொண்டல் வந்தாலே குளிர் நிச்சயமா?

ப: சாத்தியம் கூடும், அவ்வளவே. 2009 ஜனவரியில் கோடை அடிக்கும்போதே சுழல் பிளந்தது. 2016-இல் கோடைக்கு நடுவே கொண்டல் புகுந்து, 28 மாதக் கணக்கையே குழப்பியது. லண்டன் வாசகர்களே, பலூனை நம்பிக் கம்பளி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.