எட்டியின் படுதா

2009 பிப்ரவரி. பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் ராக் குழுவின் கச்சேரி. கறுப்பு டி-ஷர்ட்டில் சென்னையிலிருந்து ரயிலேறிப் போன கும்பலில் நானும் ஒருவன். மேடை முழுக்க எகிப்து. வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் துணி. அதில் அந்தக் குழுவின் ஆஸ்தான பூதமான எட்டி.

பாட்டுக்குப் பாட்டு படுதா மாறியது. விளக்கு அணைந்து எரிவதற்குள் ஓர் உலகம் போய் இன்னொன்று வந்து நின்றது. காற்றடித்தால் எட்டியின் கன்னம் உப்பி அடங்கும். மூச்சு விடுகிறான் என்றே எனக்குப் பட்டது. பக்கத்தில் நின்ற நண்பனுக்கு வேறு கவலை.

“என்னடா இது, லண்டன்லேருந்து வந்தும் வள்ளி திருமணம் மாதிரி படுதா கட்டுறானுங்க? ஸ்கிரீன் வைக்கக் காசில்லையா?”

காசுக்கென்ன குறை? சொந்தப் பெயின்ட் அடித்த போயிங் 757இல், பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானியாக உட்கார்ந்து ஓட்டிய சுற்றுப்பயணம் அது. ஆட்களோடு ஏறக்குறைய 12 டன் சாமானும் அதே விமானத்தில் ஏற வேண்டும். துணியென்றால் மடிக்கலாம். எத்தனை பெரிய பேயும் பெட்டிக்குள் அடங்கிவிடும். மேடையில் நெருப்பு கக்குவார்கள் என்பதால், எளிதில் தீப்பற்றாதபடி பதப்படுத்திய துணி வேண்டும், அவ்வளவுதான். ராக் மேடைகளில் வலைத்துணி என்று இன்னொரு மாயமும் உண்டு: முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் சுவர், பின்னால் நிற்பவர்கள்மேல் மட்டும் விழுந்தால் துணி இருப்பதே தெரியாது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம்.

குழுவின் ஐம்பதாண்டுக் கொண்டாட்டப் பயணம் 2025 மே 27 அன்று புடாபெஸ்டில் தொடங்கியது. படுதாக்கள் இருந்த இடத்தில் ராட்சத எல்இடி திரை. எட்டி இப்போது நிஜமாகவே அசைகிறான், காற்றுக்குக் காத்திராமல். எல்இடி பலகைகளைச் சட்டத்தில் பூட்டி, மின்சாரமும் சிக்னலும் கொடுக்க வேண்டும். ஒரு பலகை செத்தால் பூதத்துக்குப் பல் போய்விடும். துணியில் சுருக்கம் விழுந்தால் அவனுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவோம்.

வழுக்கை விழுந்த நண்பன் இப்போது கொதிக்கிறான்: “டிவி பாக்கவாடா டிக்கெட் வாங்குறது? அந்தத் துணியில ஒரு உசிரு இருந்துச்சுடா!”

பயணத்துக்கு முன்பு குழுவின் மேலாளர் ராட் ஸ்மால்வுட் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: தயவுசெய்து போனைப் பையில் வைத்துவிட்டுக் கச்சேரியைப் பாருங்கள். மேடையில் அத்தனை பெரிய திரையை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் சின்னத் திரையை மட்டும் மூடச் சொல்கிறார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாத யாரோ ஒரு புண்ணியவான் எடுத்த வீடியோவில்தான் நானும் நண்பனும் இவ்வளவையும் பார்த்தோம்.