சோதனைக்கு முந்தைய விரதம்

பாகூர்க்காரர்களின் கட்டுப்பாட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். அலர்ஜி டெஸ்டுக்கு நாள் குறித்ததுமே கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று கரப்பான் பண்டம் அத்தனைக்கும் வீட்டில் தடை. ஏரிக்கரைக் காற்றுக்குக்கூடத் துண்டால் மூக்கை மூடியாயிற்று. அன்று காலை வெறும் வயிறு வேறு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு மரியாதை!

டாக்டர் நிறுத்தச் சொன்னது ஒன்றே ஒன்று: செட்ரிசின், 7 நாளைக்கு. அது உணவில்லையே, மாத்திரைதானே? முந்தின ராத்திரியும் ஒன்று உள்ளே போனது. மெடிக்கலில் சீட்டில்லாமலே கிடைக்கும் வரப்பிரசாதம்.

முன்கையில் சொட்டு வைத்துக் குத்தி, 15 நிமிடம் பார்த்தார்கள். எதுவும் தடிக்கவில்லை. யாருக்கும் தடித்தே தீரவேண்டிய ஹிஸ்டமின் சொட்டுகூட அடங்கிக் கிடந்தது. தூசி, மகரந்தம், மருத்துவம் மூன்றையும் வென்ற உடம்பு!

மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கத்தரிக்காய்க்குத் தடை நீடிக்கிறது.