அங்கி இல்லாத படகு

குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகேறுபவரிடம் உயிர்காப்பு அங்கியை நீட்டுவார்கள். வேர்க்கிறது, மணக்கிறது என்று முணுமுணுத்தபடி மாட்டிக்கொள்வார். கடல் கொந்தளித்தால் முதலில் அதைத்தான் இறுக்கிப் பிடிப்பார்.

மெய்நிகர் நாணயங்கள் ஓடும் பிளாக்செயின் படகில் அங்கி கிடையாது. 'நிரலே சட்டம்' என்பதுதான் அங்கே வீரவசனம். 2016 ஜூனில், எதீரியம் என்ற பிளாக்செயினில் ஓடிய 'டாவோ' என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து எவரோ நிரலின் ஓட்டை வழியே சுமார் 36 இலட்சம் எதர் நாணயங்களை உருவிக்கொண்டார். நிரல் அனுமதித்தது, ஆகவே குற்றமில்லை! ஆனாலும் ஜூலையில் பெரும்பான்மையோர் சங்கிலியையே பிளந்து பணத்தை மீட்டார்கள். வசனத்தை மறக்காத சிலர் 'எதீரியம் கிளாசிக்' என்ற பழைய படகிலேயே இருந்துவிட்டார்கள்.

இலங்கை மத்திய வங்கியோ 2021இலேயே, வங்கி அட்டையால் மெய்நிகர் நாணயம் வாங்க அனுமதியில்லை என்றது.

இதையும் மீறி வாங்கிய வேலணைத் தம்பி தன் நாணயப் பையின் சாவிச்சொல்லைத் தொலைத்தால் யாரிடம் போவார்? சீட்டுப் பிடித்த அக்கா என்றால், முற்றத்தில் நின்று சத்தமாவது போடலாம்.