கணுக்காலில் ஓடிய ஆட்டோ சைக்கிள்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்போது ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்கார அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் எங்கள் டிப்ளமோ மெக்கானிக்கல் சிலபஸ் அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் வாத்தியார்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ஏப்ரல், அக்டோபர் இரண்டு பரீட்சை சீசனிலும் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. புத்தகத்தின் நாலு பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கித் தருவார். மினி ஜெராக்ஸ் என்று பெயர். சும்மா மெஷினை அமுக்கிவிட்டுக் காசு வாங்குகிற ஆள் இல்லை அவர்.

"மூணாவது யூனிட்டா? வேணாம் தம்பி, அது அக்டோபர்லயே வந்துடுச்சு. அஞ்சாவதுல ரெண்டு பெரிய கேள்வி எடுத்துட்டுப் போ."

நெற்றியில் நாமம் போட்டிருப்பார். இது தப்பில்லையா அண்ணே என்று ஒரு தடவை கேட்டேன். கோயில் இருக்கும் திசையைக் காட்டினார். இந்த ஊரில் 1017-ல் பிறந்த ராமானுஜரைத் திருக்கோஷ்டியூர் நம்பி 18 தடவை நடக்கவிட்டு, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு மந்திரத்தின் பொருளைச் சொன்னார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. ராமானுஜரோ நேராகக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். இத்தனை பேர் கரையேறுவார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போனால் போகிறேன் என்றாராம். "நானும் அதையேதான் தம்பி பண்றேன். பக்கத்துக்கு அம்பது காசு." ராமானுஜர் காசு வாங்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த 18 நடைதான் மனதில் நின்றது. அரியர் வைத்தவனுக்குத்தான் அந்த நடையின் அருமை தெரியும்.

நாலாவது செமஸ்டரில், என்ன கௌரவமோ, ஜெராக்ஸ் வேண்டாம், பிட்டை நானே கைப்பட எழுதுவது என்று முடிவு செய்தேன். டிராயிங் வகுப்பில் மிஞ்சிய டிரேசிங் பேப்பர், புது ஜெல் பேனா. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது கோழி கூவிவிட்டது. அம்மா இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்து, "கண்ணு கெட்டுடும், போதும் படிச்சது" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

பிட்டை இடது கால் சாக்ஸுக்குள் வைத்திருந்தேன். ஏப்ரல் மாத வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மின்விசிறி. கேள்வித்தாளில் முதல் பெரிய கேள்வியே ஆட்டோ சைக்கிள். பெட்ரோல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் வரைபடம் அது. ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் கன அளவு, நடுவில் நாலு கோடு. அண்ணன் வாக்குப் பலித்துவிட்டது. குனியப் போகும் நேரத்தில் பறக்கும் படை வந்தது. நாலு பேர். முன் பெஞ்சுக்காரன் தன் பிட்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். அவனுக்கு அன்று மூன்றாவது யூனிட் முழுவதும் உள்ளே போனது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் கால் மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

அவர்கள் போன பிறகு சாக்ஸுக்குள் கைவிட்டேன். பிட் கூழாகியிருந்தது. ஆனால் கடவுள் கைவிடவில்லை. கணுக்காலுக்கு மேலே தோலில், அச்சுப் பிசகாமல், ஆட்டோ சைக்கிள் ஒட்டியிருந்தது! பார்த்துப் பார்த்து அப்படியே வரைந்தேன். வெளியே வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. காகிதத்திலிருந்து தோலுக்கு ஒட்டினால் இடம் வலமாகிவிடும். அந்த நாலு கோடும் கோயில் பிரகாரம் மாதிரி வலமாகத்தான் சுற்றிவர வேண்டும். இடமாகச் சுற்றினால் எஞ்சின் நமக்கு உழைக்காது, நாம்தான் எஞ்சினுக்கு உழைக்க வேண்டும்.

22 மார்க். எதில் போச்சு என்று அம்மா கேட்டாள். ஆட்டோ சைக்கிளில் என்றேன். சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா சாத்துக்குடியோடு வந்து, "ஆட்டோக்காரன் நின்னானா, போயிட்டானா?" என்று விசாரித்துவிட்டு, காலைக் காட்டச் சொன்னார்.

காலில் பட்ட அந்த மை தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை, ஒரு வாரம் கிடந்தது. அதனால்தான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு மோசடி வெளிவந்தபோது மற்றவர்களுக்கு வந்த கோபம் எனக்கு வரவில்லை, பொறாமைதான் வந்தது. 2019 செப்டம்பர் 1-ம் தேதி நடந்த தேர்வு அது. என் மச்சானும் எழுதினான். ரேங்க் பட்டியல் வந்தபோது ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டு மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு இடங்களுக்குள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால், சில மணி நேரத்தில் தானாகவே மறைந்துபோகும் மையில் விடையைக் குறித்திருக்கிறார்கள். விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் வேறு ஆட்கள் சரியான விடையாகப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு டி.என்.பி.எஸ்.சி. வாழ்நாள் தடை போட்டது. "ராமேஸ்வரம் போனா பாவம்தான் போகும்னு நெனச்சேன், மையும் போகுது மாமா" என்றான் மச்சான். அவன் காஞ்சிபுரத்தில் எழுதியவன்.

இப்போது என் பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. வகுப்பில் இல்லாதவனுக்கு இன்னொருவன் 'எஸ் சார்' சொல்வதற்கு ப்ராக்ஸி என்று பேர். அதைப் பற்றி ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவனுக்கு நீளமாக உபதேசம் செய்துகொண்டிருந்தேன். 2024 ஜூலை மாதம். நேரம் சரியில்லை. ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்த வாரம்தான் ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பையன் போனைத் தட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

"நான் ஒரு காலேஜ்லயே முழுசா இருக்க முடியலப்பா. இவங்க எவ்ளோ ஹார்ட் வொர்க் பாரு."

ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அதே வருடம் ஜூன் 21-ல் மத்திய அரசின் புதுச் சட்டமும் அமலுக்கு வந்தது. பத்து வருடம் வரை சிறை, ஒரு கோடிக்குக் குறையாத அபராதம். வினாத்தாளைக் கசியவிடும் கும்பலுக்கானது, அதுவும் மத்திய அரசுத் தேர்வுகளுக்கு மட்டும். சாக்ஸ்காரர்கள் அந்தத் தரத்துக்கு இன்னும் வளரவில்லை.

நான் எங்கே வளர்ந்தேன் என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். லைனில் இருக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, தாளை ஃபைலில் போடுவதும் என் தலையில்தான். ஒரு தடவை 24 பேருக்கு வைத்தேன். ஒரு கேள்வி, வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் 5 எஸ்-ல் மூன்றாவது எஸ் எது? ஜப்பான்காரன் சொன்ன விடை சைசோ, அதாவது சுத்தம்.

தாளைத் திருத்த உட்கார்ந்தேன். முன் வரிசையில் சைசோ. இரண்டாம் வரிசையில் சைசா. மூன்றாவதில் சமசா. கடைசி வரிசையில் ஆறு பேரும் ஒரே குரலில் சமோசா. குவாலிட்டிக்காரன் மனம் சும்மா இருக்குமா? டிஃபெக்ட் எந்த ஸ்டேஷனில் உண்டானது என்று வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போய், மூன்றாம் வரிசையில் ஒரு தம்பியைப் பிடித்துவிட்டேன்.

"நான் கரெக்டாத்தான் சார் பார்த்தேன். முன்னாடி இருந்தவர் கையெழுத்து சரியில்ல" என்றான். சப்ளையர் பிராப்ளம்.

இப்படி நேர்ந்தால் எங்கள் தொழிலில் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன். ஏன் காப்பி அடித்தார்கள்? படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்களை மடக்கி உட்கார வைத்தது. ஏன் அந்த நேரத்தில் தேர்வு? மறுநாள் ஆடிட். ஆடிட்டுக்கு முதல் நாள்தானா தேர்வு வைப்பது, ஏன்? ஆறு மாதமாக நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை? ஐந்தாவது ஏனுக்கு என் பெயர்தான் விடையாக வந்தது. பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

சமோசாவுக்கும் மார்க் போட்டு, 24 தாளுக்கும் ஆறு மாதத் தேதியைப் பிரித்துப் போட்டேன். ஒரே நாளில் எழுதிய மாதிரி தெரியக் கூடாது என்று நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனா. ஜெல் பேனாவை மட்டும் தொடவில்லை.

மறுநாள் ஆடிட்டர் ஃபைலை நடுவில் பிரித்தார். ஒரு தாளை உருவினார். நெற்றியைச் சுருக்கினார்.

"சமோசாவா?"

"சார், அது வந்து..."

"சரி, நீங்க சொல்லுங்க. மூணாவது எஸ் எது?"

சத்தியமாக எனக்கு அந்த நேரத்தில் சமோசாவைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் 5 எஸ் போஸ்டர் இருந்தது. பதினேழு வயதில் பழகிய அதே கண், தலையை அசைக்காமல் போய்விட்டு வந்தது.

"சைசோ சார். சுத்தம்."

"குட்" என்று அவர் தன் செக்லிஸ்டில் டிக் போட்டார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தாள் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் இடவலமாகவும் படிக்க எனக்குக் கஷ்டமே கிடையாது. எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே ஜெராக்ஸில் டிக் விழுந்திருந்தது. மேலே போன வருடத் தேதியை அடித்துவிட்டு, பேனாவில் இந்த வருடத் தேதி எழுதியிருந்தார்.